இருநூற்று நாற்பது சாண் கைப்பிடி

அந்த மருத்துவமனையின் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு முதலில் தெரிவது ஆள் அல்ல, இரண்டு பின்னல் ஊசிகள்தான். ஊசிகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் லிஃப்ட்டக்கா. பதினெட்டு வருடமாக அவளுக்கு அதுதான் பெயர். இடது கை இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும், வலது கை பொத்தானை அமுக்கும், அடுத்த நொடி இரண்டும் மடியில் கிடக்கும் கம்பளி நூலுக்குத் திரும்பிவிடும். கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடிக்குள் இருபத்தெட்டுக் கண்ணி பின்னிவிடுவாள். நடுவில் யாராவது நிறுத்தினால் வந்தது வினை.

“ரெண்டாவது மாடிக்கா? ரெண்டு மாடி ஏறினா கால் தேஞ்சா போகும்? வரிசை பாதியில நிக்குது பாருங்க!”

பின்னல் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ஸ்வெட்டர் ஒன்றை மெதுவாகப் பிரித்து, பிரிந்த வழியிலேயே திரும்பிப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டாள். பிறகு அது அம்மை மாதிரி பரவியது. சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு ஒட்டியது, எக்ஸ்ரே அறைக்கு ஏறியது, கடைசியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒட்டடைக்குச்சியையும் பிடித்தது. ஆறடி நாலங்குல உயரம், மடித்து வைத்தால்தான் வண்டிக்குள் போவார். மொத்தம் இருபத்துநான்கு பேர். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய கிழிந்த ஸ்வெட்டர்களைப் பிரித்து, குழந்தைகள் வார்டுக்குப் போர்வை பின்னிக் கொடுத்துவந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாசலுக்கு எதிரே இருந்த நடைமேம்பாலத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரியும்வரை.

பாலத்தில் யாரும் ஏறுவதில்லை. கைப்பிடியெல்லாம் துரு, தொட்டால் உள்ளங்கை காவியாகிவிடும். அதனால் ஜனங்கள் சாலைத் தடுப்பில் இருந்த சந்து வழியாக ஓடினார்கள். ஓடியதில் அடிபட்டவர்கள் மூன்றாம் மாடி எலும்பு வார்டுக்கு இவளுடைய லிஃப்டில்தான் வந்தாக வேண்டும். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் லிஃப்ட்டக்கா ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். அந்த மாதம் எட்டு முறை வைத்திருந்தாள். எட்டாவதாக வந்தவர் தொடை உடைந்த நிலையிலும் மருந்துச் சீட்டை விடாமல் பிடித்திருந்தார். பாலமும் போய்விட்டால் வேறு வழியே இல்லை என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பாலத்தைப் பார்க்க வந்த நகராட்சிப் பொறியாளர் நான்காம் மாடி அலுவலகத்துக்குப் போக லிஃப்டில் ஏறியபோது அவள் கதவைச் சாத்தினாள், பொத்தானை மட்டும் அமுக்கவில்லை.

“துரு ஒட்டுது சார், எவன் ஏறுவான்?”

“பெயின்ட் அடிக்க உத்தரவு இல்லம்மா. பொத்தானை அமுக்குங்க.”

“அப்ப நாங்க சட்டை போட்டுவிடறோம்.”

“யாருக்கு?”

“கைப்பிடிக்கு.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பாகப் போயிற்று. நான்காம் மாடி வருவதற்குள் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை அவரே உட்கார்ந்து எண்ணுவார். ஐந்நூறு பேர் பாலத்தைக் கடந்தால் பாலம் இருக்கும். இல்லையென்றால் கழற்றிவிடுவார்கள்.

அன்றே சாப்பாட்டு நேரத்தில் போய் இடப்பக்கக் கைப்பிடியை அளந்துவிட்டு வந்தாள். ஒரு கோடிப் படியிலிருந்து மறு கோடிப் படிவரை இருநூற்று நாற்பது சாண். ஆளுக்குப் பத்துச் சாண். மீதியே வராத வகுத்தல்! அந்தக் கணக்கின் அழகில் மயங்கி இரண்டு பேரை மாடி தவறி இறக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறரைக்கே வந்துவிட்டாள். எதிர்ப்பக்கப் படியில் தொடங்கி, துண்டுதுண்டாகக் கைப்பிடியில் சுற்றித் தைத்துக்கொண்டே வந்தார்கள். கிளிப்பச்சை, மிளகாய்ச் சிவப்பு, யாரோ ஒரு கணவரின் கல்யாண ஸ்வெட்டரிலிருந்து வந்த ஊதா. பாலம் வளையல் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மருத்துவமனைப் பக்கம் கடைசிப் படிக்கு வந்தபோது கைப்பிடி முடிந்துவிட்டது. பையில் இன்னும் ஆறு துண்டு இருந்தது.

லிஃப்ட்டக்கா பையைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். “ஏதோ விட்டுப்போச்சு” என்றாள்.

“ஒண்ணும் விடல அண்ணி. நீங்க யார் சாண்ல அளந்தீங்க?” என்றாள் நாத்தனார்.

“என் சாண்லதான்.”

“நாங்க?”

ஒட்டடைக்குச்சி மெதுவாகத் தன் கையை விரித்துக் காட்டினார். அதன் மேல் லிஃப்ட்டக்காவின் கையை வைத்துப் பார்த்தார்கள். தட்டில் வைத்த இலைத்துண்டு மாதிரி இருந்தது.

“கண்ணி எண்றதுல புலிதான் அண்ணி. கைய எண்ண மறந்துட்டீங்க!”

முதலில் சிரித்தது லிஃப்ட்டக்காதான். சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்துநான்கு பேரும் கையோடு கை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததில், நாற்காலியோடு வந்த பொறியாளர் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்.

ஒன்பது மணிக்குச் சிரிப்பு நின்றது. அவர் கையிலிருந்த எண்ணும் கருவியில் பதினொன்று. அதில் நான்கு பேர் இவர்களே.

ஜனங்கள் வழக்கம்போல வாசலைத் தாண்டி நேராகச் சந்துக்குத்தான் போனார்கள். அண்ணாந்து பார்த்தால்தானே பாலம் தெரியும்? நோயாளியோடு வருகிறவர் எங்கே அண்ணாந்து பார்க்கிறார்? லிஃப்ட்டக்கா வாசலில் நின்று கால்களையே கவனித்தாள். பிறகு கைகளைக் கவனித்தாள். மருந்து வாங்கும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பி வாசல்வரை வருகிறது. வாசலிலிருந்து வேலி பாலத்தின் படிவரை போகிறது.

“அந்த ஆறையும் எடுத்துட்டு வாங்க!” என்று கத்தினாள்.

மருந்து ஜன்னலிலிருந்து பாலத்தின் முதல் படிவரை ஆறு துண்டையும் இழுத்துத் தைத்தார்கள். ஒட்டடைக்குச்சியின் துண்டு மட்டும் வாசல் கதவு முழுக்க வந்தது.

வரிசையில் நின்றவர்களின் கைக்குக் கீழே திடீரென்று மெத்தென்று இருந்தது. மருந்தை வாங்கியவர்கள் கையை எடுக்கவில்லை. கை பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போயிற்று, மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு. கால் என்ன செய்யும், கையின் பின்னாலேயே போயிற்று. படியேறிப் பாதிப் பாலத்தில் நின்றுதான் ஒரு பெரியவர், “ஆமா, நான் எங்க போறேன்?” என்று கேட்டார்.

“வீட்டுக்குத்தான் தாத்தா, இப்படியே போங்க!” என்றாள் நாத்தனார்.

பதினோரு மணிக்கு நூற்று எண்பது. ஒருவர் நான்காவது முறையாக ஏறி வந்தபோது பொறியாளர் எழுந்துவிட்டார்.

“யோவ், உனக்கு வேற வேலையே இல்லையா? போய்ட்டுத் திரும்பறவங்களை எண்ண மாட்டேன்!”

“ரத்த ரிப்போர்ட் வர ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க சார். தடவிக்கிட்டே நடந்தா மனசுக்கு நல்லாருக்கு.”

மூன்று மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு வெயில் உறைத்து வாசல் காலியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஏழே பேர். லிஃப்ட்டக்கா படியில் உட்கார்ந்து, நன்றாக இருந்த தையலையே பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நான்கரைக்குப் பார்வையாளர் நேரம். பேருந்துகள் எதிர்ப்பக்கம் நின்றன. இறங்கியவர்களின் மூக்குக்கு நேரே கிளிப்பச்சை தொடங்கியிருந்தது. பழக்கூடை, துணிப்பை, தூக்குப் பாத்திரம் என்று பாலம் நிறைந்தது. பொறியாளரின் கட்டைவிரல் துடித்தது. ஐந்நூறு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் ஒட்டடைக்குச்சி ஓடிப்போய் ஆம்புலன்ஸ் சைரனை அலறவிட்டார். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

“அதை நிறுத்தச் சொல்லும்மா!” என்று பொறியாளர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

“பாலம் இருக்கும்னு எழுதிக் கொடுங்க சார், நிறுத்தச் சொல்றேன்!”

எழுதிக் கொடுத்தார். ஆறு மணிக்கு எழுநூற்று ஐம்பத்தெட்டு.

அடுத்த மாதம் சாலையில் அடிபட்டு மூன்றாம் மாடிக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவர் விழுந்தது வேறு தெருவில் என்பதை, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்காமல் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் லிஃப்ட்டக்கா அவரை மேலே கொண்டுபோனாள்.