ரேவதி டீச்சர் சொல்லாத பெயர்

ரேவதி டீச்சர் போய்விட்டார். நேற்றுக் காலை, ஸ்கூலுக்கு வரும் வழியில், ஆரணி பஸ் ஸ்டாண்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

தப்பும் தவறுமாகத்தான் டைப் பண்ணுகிறேன். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவர் பயாலஜி, நான் மேத்ஸ்.

பக்கத்து நாற்காலி என்றுதான் பேர். மதியச் சாப்பாட்டுக்கு ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார். இன்றைக்கு ஒரு பெஞ்ச், நாளைக்கு இன்னொரு பெஞ்ச்.

எனக்குக் கோபம். "எங்ககூட சாப்பிட்டா உங்களுக்கு எறங்காதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அந்த க்ளாஸ்ல ஒரு புள்ளைய ரொம்ப பேஜார் பண்றாங்க உமா. நான் இருந்தா கம்முனு இருக்காங்க. ஆனா தெனமும் அதுகிட்டயே போய் உக்காந்தா அதுக்குத்தான் வரேன்னு தெரிஞ்சிடும். அதான் எல்லா பெஞ்சும் சுத்திகினே இருக்கேன்."

அந்தப் பிள்ளையின் நடை, குரல், யாரோடு பழகுகிறது... இதை வைத்துத்தான் கேலி. என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம்தான் டீச்சருக்கு அந்த யோசனை. பையன் பெண் மாதிரி நடந்தால் துரத்தி அடிப்பது, இரண்டு பெண்கள் சேர்ந்தே சுற்றினால் சுவரில் பேர் எழுதுவது... இதெல்லாம் கூடாது என்று வாரம் ஒரு பீரியட் பேச வேண்டும் என்றார். பெற்றோரைக் கேட்காமல் முடியாது என்றது மேனேஜ்மென்ட்.

எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு மீட்டிங். முதலில் நன்றாகத்தான் போனது. சேத்துப்பட்டுப் பக்கமிருந்து வரும் ஓர் அம்மா எழுந்து, "இதெல்லாம் சொல்லிக் குடுத்தா புள்ளைங்க மனசு கெட்டுடாதா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான பயம்தான்.

"கெடாதுங்கம்மா. பாத்ரூம் பக்கம் போனா அடிப்பாங்கன்னு பயந்துகினு, காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குது ஒரு புள்ள. அதுக்குத்தாங்க கேக்கறேன்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன் வரிசையில் ஓர் அப்பா எழுந்தார். ஜவுளிக்கடைக்காரர். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருபவர், அதிர்ந்து பேசாதவர்.

"நாங்க தகராறு பண்ண வரலீங்க மேடம். தாராளமா நடத்துங்க. எந்தப் புள்ளன்னு பேர மட்டும் சொல்லிடுங்க... எங்க புள்ளைங்கள தள்ளி உக்கார வெச்சுக்கறோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாதி ஹால் தலையாட்டியது.

டீச்சர் சொல்லவில்லை. பேர் தெரியாமல் சம்மதம் இல்லை என்று சொல்லி, கூட்டத்தை வருகிற சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

"வாய விட்டுட்டேன் உமா. ஒரு புள்ளன்னு சொல்லியிருக்கவே கூடாது." அன்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எட்டாம் வகுப்பின் குரூப் போட்டோ வந்தது. "இதுல எது?" என்று ஒரு கேள்வி, கீழே சிரிக்கும் பொம்மைகள். ஆளுக்கொரு முகத்தில் வட்டம் போட்டு அனுப்பினார்கள்.

டீச்சர் என் போனை வாங்கிப் பார்த்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இன்றைக்கு அதே குரூப் முழுக்க கும்பிடும் கைகள்...

மதியம் சந்தவாசலில் அவர் வீட்டுக்கு எட்டாம் வகுப்பை வேனில் கூட்டிப்போனோம். வரிசையாக வந்து பூப் போட்டார்கள்.

ஜவுளிக்கடை அப்பாவும் வந்திருந்தார். பெரிய மாலை. போட்டுவிட்டுக் கிளம்பவில்லை, பந்தல் ஓரமாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாவம், நல்ல டீச்சர்" என்றார். அப்புறம் மெதுவாக, "உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாங்களே மேடம்?"

அவர் கண் என் மேல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துகினே இருங்க... எது ரொம்ப அழுவுதோ, அதுதான்."

எனக்கு யாரும் அழாதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

முதலில் வந்த பிள்ளை அழுதது. அடுத்ததும் அழுதது. கடைசி பெஞ்ச் தடியன்கள், எல்லோரையும் கேலி பண்ணுகிறவர்கள், தேம்பித் தேம்பி அழுதார்கள். டீச்சர் உட்கார்ந்து சாப்பிடாத பெஞ்ச் ஏது... மொத்த வகுப்பும் அழுதது.

அந்த மனிதர் கடைசிப் பிள்ளை வரைக்கும் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "சரி மேடம், சனிக்கிழம பாக்கலாம்" என்றார்.

அந்தப் பேர் எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு யாரும் இன்பாக்ஸுக்கு வரவேண்டாம்.

நாளை மதியம் டிபன் பாக்ஸோடு எட்டாம் வகுப்புக்குப் போகிறேன் டீச்சர். எந்த பெஞ்சில் விட்டீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் போய் வாருங்கள்...