அரையே அரைக்கால் கெஜம்

இஞ்சியும் வெந்தயமும் சேர்ந்து கொதிக்கும் நோன்புக் கஞ்சியின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பின்னக் கணக்குதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆட்சி மாறி, சைகோன் வேறு பெயர் வாங்கிக்கொண்ட பிறகு வந்த பஞ்ச காலத்தில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வாப்பா, உம்மா, நான் என மூன்று பேர் இருந்தோம். வாப்பா காரைக்காலிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை மூடச் சொல்லிவிட்டார்கள். கெஜக்கோலும், டிரங்குப் பெட்டியில் கொஞ்சம் துண்டுத் துணியும், "எங்கிட்டயா கணக்கு?" என்கிற வீறாப்பும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தன.

எனக்கு அப்போது இருந்த ஒரே ஆசை கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. பள்ளியில் நல்ல பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் அந்த முக்கோணத் துண்டை 'கான் குவாங்' என்பார்கள். அது இல்லாதவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். என் நிறத்துக்கு ஏற்கெனவே கேலிப்பெயர் வேறு இருந்தது. மறுநாள் கரும்பலகையில் கணக்கைச் சரியாகப் போடுகிறவர்களின் பெயரைச் சிபாரிசு செய்வதாக ஆசிரியை சொல்லியிருந்தார். பழகிப் பார்க்கக் கொடுத்த கணக்கு இது: அரை கூட்டல் கால் பெருக்கல் அரை.

"இது ஒரு கணக்கா புள்ளை? அரையும் காலும் முக்கால், முக்காலில் பாதி காலே அரைக்கால். எழுதிக்க" என்றார் வாப்பா. அரைக்கால் என்றால் காலில் பாதி; அதாவது மொத்தம் எட்டில் மூன்று. வாடிக்கைக்காரர் சொல்லச் சொல்ல மனதிலேயே போட்டுக்கொண்டு போவது அந்தக் காலத்து ஜவுளிக் கடைக்காரர்களின் வழக்கம். வந்ததை வந்த வரிசையிலேயே தீர்த்துவிடுவார்கள். பள்ளியிலோ, பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு என்று வியட்நாமிய மொழியில் தினமும் பாட்டாகக் கத்த வைத்தார்கள். அதன்படி அரையே அரைக்கால், அதாவது எட்டில் ஐந்து. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஆமா, இவங்க வந்துதான் கணக்கையே கண்டுபிடிச்சாங்க!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடை போன வருத்தத்தைக்கூட அவர் அப்படிக் காட்டியதில்லை.

உம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ரேஷனில் அரிசிக்குப் பதிலாகத் தள்ளிவிடும் 'போ போ' என்ற முரட்டுத் தானியத்தைக் காட்டிச் சொன்னார்: "ஏங்க, அரைப்படி அரிசியும், கால்படி போ போவில பாதியும் போடுங்கன்னு நான் சொன்னா, பானையில கிடக்கிற அரிசியையும் சேத்துப் பாதியாக்கிடுவீங்களா? நோன்பு திறக்க வர்றவங்களுக்கு வெறுந்தண்ணியையா ஊத்துறது?"

வாப்பா கெஜக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாங்கு கேட்கும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதே மாதிரிக் கணக்கு வந்தது, சரியாகப் போட்டேன். ஆசிரியை தலையசைத்தார். ஆனால் துணி கட்டியவர்களில் நான் இல்லை. "உனக்கு அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு அடுத்த தடவை எப்போது வரும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதேன்.

"விடை சரிதானே?" என்று மட்டும் கேட்டார் வாப்பா. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த ஒரு சிவப்புத் துண்டை எடுத்து விரித்தார். கெஜக்கோலை வைத்து முதலில் கால் கெஜம் அளந்தார். அதைப் பாதியாக மடித்து நகத்தால் அழுத்திக் கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்துதான் மேலும் அரை கெஜம் அளந்து சேர்த்து வெட்டினார். மூலைக்கு மூலை மடித்து என் கழுத்தில் கட்டிவிட்டு, "இப்ப வரிசை சரியா புள்ளை?" என்றார். யாரிடமும் கணக்குக் கேட்காத மனிதர் என்னிடம் கேட்டார். பள்ளிக்கு அதைக் கட்டிக்கொண்டு போக முடியாது; வீட்டில் கட்டிக்கொண்டேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். கெஜக்கோல் எப்போது தொலைந்தது என்று தெரியாது. தாவோ தியென் பகுதிப் பள்ளியில் படிக்கும் பேரன் இந்தக் கணக்கைக் கைப்பேசியில் தட்டி நொடியில் விடை சொல்கிறான். அரைக்கால் என்றால் அவனுக்குத் தெரியாது. இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுப் பல காலமாகிறது. சிவப்புத் துணி மட்டும் என் அலமாரியில் கிடக்கிறது, துவைத்துத் துவைத்துச் சாயம் வெளுத்துவிட்டது. அவர் நகத்தால் போட்ட மடிப்பு இன்னும் போகவில்லை.