வலது சக்கரத்தில் தைல வாசனை

பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கம் போகும். முதலில் ஒரு சாண் அளவுக்குத்தான் போனது. ஐப்பசி மழை முடிவதற்குள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது சில வளைவுகளில் இடது பக்கம் மேகம் மட்டும்தான் இருக்கும். அதற்குக் கீழே என்ன என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

அது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பழைய கார். ஐம்பதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஓட்டவும் கற்றுக்கொண்டு, அதற்கு டிரைவராகப் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சவன் மேசையில உக்காருற சோலிக்குப் போவான். நீ என்னடா சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அலையுற?" என்று அம்மா கேட்டாள்.

குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறங்கிப் போய்விட்டால் அங்கே வார்டனம்மாவும், சாயங்காலம் வரும் வாட்ச்மேனும், நானும்தான். கார் ஷெட்டை ஒட்டி எனக்கு ஓர் அறை. சில நாள் என் குரலை நானே பொழுது சாய்ந்த பிறகுதான் கேட்பேன். அம்மாவை ஒரு தடவை அழைத்துவந்து அந்த அறையைக் காட்டவேண்டும், நாலு நாள் தங்கவைக்கவேண்டும் என்று நினைத்தேன். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். தினமும் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், ஏறியது கிடையாது.

வார்டனம்மா சம்மதித்தார்கள். "சாமான் வாங்கப் போறப்போ கூட்டிட்டு வாங்க தம்பி. ஒரே ஒரு கண்டிஷன். பிரேக் சரியாகாம ஒரு பாசஞ்சரும் ஏறக்கூடாது."

சாமான் வாங்க இறங்கியபோது ஊருக்குப் போய் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "இப்ப வேண்டாம்மா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. சரி பண்ணிட்டு வாரேன்." அவள் மலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டயர்களில் காற்றைப் பார்த்தேன், சமமாக இருந்தது. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடது பக்கமே போனது. பஜாரில் பட்டறை வைத்திருந்த பாய், "இடது பக்கம் புடிப்பு ஜாஸ்தி. கொஞ்சம் தளத்தி விடுங்க, சொன்ன பேச்சைக் கேக்கும்" என்றார். தளர்த்தினேன். இழுப்பது குறைந்தது. ஆனால் இப்போது வண்டி நிற்பதற்கே யோசித்தது.

அடுத்த முறை சாமான் வாங்க இறங்கும்போது, வாழையும் காப்பித் தோட்டமும் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு மாடு வந்தது. அழுத்தி மிதித்தேன். வண்டி தள்ளிப்போய்ச் சரிந்து நின்றது. இறங்கினால் யூகலிப்டஸ் தைல வாசனை. மேலே கொடைக்கானலில் அந்த வாசனையை யாரும் கவனிப்பதில்லை. மரம், காய்ச்சும் கொட்டகை, போர்வை எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் இங்கே ஒரு தைல மரம்கூட இல்லையே! சுற்றி வந்து முகர்ந்தேன். இடது சக்கரத்தில் சுட்ட இரும்பின் வாடை. வலது முன் சக்கரத்தில் தைலம்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பெடலை மிதிக்க ஆளில்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். இடது அசையவில்லை. வலது என் கைக்கு மெல்லச் சுற்றியது. இழுத்த பக்கத்தில் கோளாறே இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான்தான் அதையும் தளர்த்தி வைத்திருந்தேன். வலது டிரம்மைக் கழற்றினால் பிரேக் கட்டை கருப்பாக நனைந்திருந்தது.

சாயங்காலம் வாட்ச்மேன் வந்தார். "இந்தச் சக்கரத்துல தைலம் ஊத்துனது யாருண்ணே?"

"நாந்தான். ஷெட்டுல அந்தப் பக்கம் கூரை ஒழுகுதுல்ல, நட்டெல்லாம் துருப்புடிச்சுக் கெடந்துச்சு. நடு மூடியையும் தொறந்து ரெண்டு சொட்டு விடுவேன்."

"ரெண்டு சொட்டா?"

"முன்னப்பின்ன இருக்கும் தம்பி. என் முட்டிக்கும் அதுதான், பேத்தி சளிக்கும் அதுதான். வண்டி மட்டும் என்ன சீமையிலயா பொறந்துச்சு?"

"சீமையிலதாண்ணே பொறந்துச்சு."

"அதான் ஒத்துக்கலை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதம் நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் விட்ட தைலம் உள்ளே இருந்த கிரீஸைக் கரைத்துக்கொண்டு பிரேக் கட்டைக்கு இறங்கியிருந்தது. டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, புது கிரீஸ் வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் மறுபடியும் இழுக்கும் என்பதால், பாய் பட்டறையில் இரண்டு பக்கத்துக் கட்டைகளுக்குமே புது லைனிங் அடித்து வாங்கினேன். இரண்டையும் ஒரே அளவுக்கு முடுக்கினேன். ஏரியைச் சுற்றியிருந்த ஆளில்லாத ரோட்டில் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தேன். வார்டனம்மா பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்து, "பெர்ஃபெக்ட்" என்றார்கள்.

உருளைக்கிழங்கு லாரிக்காரரிடம் ஊருக்குச் சொல்லியனுப்பினேன். நான் இறங்கிப் போனபோது அம்மா ரோட்டோரப் புளியமரத்தடியில் வெளுத்த சேலை கட்டி நின்றாள். கையில் பை இல்லை.

"ஏறும்மா."

"இருடா. ஓட்டிக் காட்டு. நேரா நிக்குதான்னு பாக்கணும்."

கொஞ்ச தூரம் பின்னால் போய், வேகமாக வந்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு மிதித்தேன். கோடு போட்டதுபோல் நின்றது.

"இன்னொருக்கா."

இன்னொரு தடவையும் நின்றது. அவள் முன்சக்கரத்தருகே வந்து, மாட்டைத் தொடுவதுபோல வண்டியைத் தொட்டாள்.

"சரி. வெரசாக் கெளம்பு, மேகம் எறங்கிரும்."

"நீ வரலையா?"

"வீட்டை யாரு பாக்குறது? அந்தக் குளிரு எனக்கு ஆகாதுய்யா. இழுக்குதுன்னு சொல்லிட்டுப் போன பாரு, அன்னையிலருந்து எனக்கு உறக்கமில்லை. இதைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. நான் வளைந்து மறையும்வரை புளியமரத்தடியிலேயே நின்றாள். அவளுக்காகப் பக்கத்துச் சீட்டில் ஒரு கம்பளியை மடித்து வைத்திருந்தேன். மலையில் எதிரே பஸ் வந்தபோதெல்லாம் பிரேக்கை மிதித்தேன். கம்பளி வழுக்கி முன்னால் விழுந்தது. எடுத்து மறுபடியும் சீட்டில் வைத்தேன். பக்கவாட்டில் ஒரு தடவைகூடச் சாயவில்லை.