சுண்ணாம்பு கலந்ததாக நான் எழுதிய மனு

"மேற்படி மருந்தில் சுண்ணாம்பு கலக்கப்பட்டிருப்பதாக இத்தெருவாசிகள் ஐயுறுகிறோம். இதற்கு ஆதாரமாகக் கடந்த எட்டு ஆண்டுகளின் தேதிவாரி விவரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது." நாள்: 1966 மார்ச் 14, திங்கட்கிழமை.

இது ஒரு மனுவின் கார்பன் நகல். கையெழுத்து என்னுடையது. கீழே உள்ள ஒப்பங்களில் முதலாவதும் என்னுடையதே. அப்போது நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். குடியிருந்தது திருவேற்காட்டை ஒட்டிய ஒரு தெருவில். எதற்கும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். பால்காரர் வராத நாள், கிணற்றில் நீர்மட்டம், பின் வீட்டு முருங்கை முதலில் பூத்த நாள் என்று நோட்டுகள் பல இருந்தன. அவற்றில் ஒன்று மூட்டைப்பூச்சிக்கானது.

மலேரியாக் கொசுவை ஒழிக்க ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிப்பார்கள். மருந்து கொசுவுக்குத்தான். ஆனால் எங்கள் தெருவில் யாரும் கொசுவை வைத்து மருந்தை மதிப்பிட்டதில்லை. கொசு எங்கிருந்தோ வருகிறது, எங்கேயோ போகிறது. செத்ததா பிழைத்ததா என்று யார் பார்த்தார்கள்? மூட்டைப்பூச்சி அப்படியல்ல. அது கட்டிலிலேயே குடியிருப்பது. அது செத்தால் நல்ல மருந்து, சாகாவிட்டால் மட்டமான மருந்து. என் நோட்டும் அந்தக் கணக்கில்தான் இருந்தது: மருந்தடித்த தேதி, அதற்குப் பிறகு முதல் கடி வாங்கிய தேதி. 1958-இல் அடுத்த மருந்து வரும்வரை கடியே இல்லை. 1961-இல் இரண்டு மாதம் நிம்மதி. 1963-இல் இருபது நாள். 1966 மார்ச்சில் மருந்தடித்த மறுநாளே கடித்தது.

எட்டு ஆண்டுகளாக மருந்தடித்தவர் ஒரே ஆள். பின்தெருவில் இருந்தவர், முதுகில் பித்தளைப் பம்பும் கையில் நீளக் குழாயுமாக வருவார். மருந்து அப்படியேதான் இருக்கிறது, பலன் மட்டும் தேய்கிறது என்றால் இடையில் இருக்கும் மனிதன்தான் மருந்துத்தூளை விற்றுவிட்டுச் சுண்ணாம்பைக் கலக்கிறான் என்று தெரு முடிவு கட்டியது. நானும் அப்படியே நம்பினேன். மருந்தடிக்க ஆள் அனுப்பும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பம்பு இல்லை.

"கையெழுத்து முத்து முத்தா கீது அண்ணாத்தே," என்றார். "எங்க ஆபீஸ் பெரியவரு எல்லாருக்கும் முன்னால படிச்சிக் காட்டினாரு."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எட்டு வருசமா தினக்கூலி. இந்த வருசம் என்னைய நிரந்தரம் பண்றதா லிஸ்டுல பேர் வந்துச்சி. இப்ப வேலைக்கே வராதேன்னுட்டாரு. விசாரிச்சி முடிச்சி பேரை எடுக்கறதா வெக்கறதான்னு சொல்றாராம்."

"கலக்கலைன்னா மருந்து ஏன் வேலை செய்யலை?"

"அது எனக்கு இன்னா தெரியும்? போன தபா அடிச்சப்போ உன் ஊட்டுச் செவுத்துல இருந்து ரெண்டு பல்லி வுழுந்துச்சே. அதுங்க இன்னா சுண்ணாம்புலயா செத்துச்சி?"

அவர் போனபின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பல்லி விஷயத்தைத் தேதியோடு நானே எழுதியிருந்தேன்: இரண்டு பல்லி, சமையலறைச் சுவர். மனுவோடு இணைத்த விவரத்தில் அந்த வரியை விட்டுவிட்டிருந்தேன். வேண்டுமென்று விடவில்லை; மூட்டைப்பூச்சிக் கணக்கில் பல்லிக்கு இடமில்லை என்று நினைத்திருக்கிறேன்.

பூந்தமல்லி நூலகத்தில் உயிரினங்கள் எப்படி மாறி வந்தன என்பது பற்றிய ஒரு புத்தகத்தைச் சில மாதங்களுக்கு முன் படித்திருந்தேன். ஒட்டகச்சிவிங்கி, தீவுக் குருவி என்று எல்லாமே தூரத்து விஷயங்களாக இருந்ததால் மனத்தில் ஒட்டவில்லை. மறுநாள் போய் அதையே மீண்டும் எடுத்து வந்து மூட்டைப்பூச்சியை நினைத்துக்கொண்டு படித்தேன். இந்த முறை புரிந்தது.

திங்கள் மாலை மருந்தடிப்பவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அதுங்க மருந்துக்குப் பழகிடுச்சின்னு சொல்றியா? நாம வெயிலுக்குப் பழகற மாதிரி?" என்று கேட்டார்.

"இல்லை. செத்த பூச்சி எதுக்கும் பழகாது. ஆயிரம் பூச்சியில ரெண்டு மூணு பொறக்கும்போதே கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும். மருந்து அதுங்களைக் கொல்லலை. மத்தது எல்லாம் செத்துப்போச்சு. மிஞ்சினதுதானே முட்டை போட்டது? அந்தக் குஞ்சுங்க தாய் மாதிரியே இருக்கும். மறுபடி நீ அடிச்சே. மறுபடியும் தாங்காதது செத்துது, தாங்கினது பெருகிச்சு. எட்டு வருஷத்துல பதினாறு தடவை."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப கெட்டி விதையாப் பாத்துப் பொறுக்கி வுட்டது நாந்தான்னு சொல்லு," என்றார்.

புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். யாரும் நினைத்துப் பொறுக்கவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

சொல்வது எளிது, காட்ட வேண்டுமே. ஒரே மூட்டையில் எடுத்த மருந்தை இரண்டு விதப் பூச்சிகள் மேல் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். மருந்து படாமலே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பூச்சிகள் செத்து, எங்கள் தெருப் பூச்சிகள் பிழைத்தால் குறை மருந்திலும் இல்லை, அடித்த கையிலும் இல்லை. சோதனையைத் தம் அலுவலக வராந்தாவிலேயே செய்து பார்க்கலாம் என்று மனுவைப் படித்துக் காட்டிய அவருடைய மேற்பார்வையாளர் சம்மதித்தார். சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார்.

எங்கள் தெருப் பூச்சிகளைச் சேர்க்க மார்ச் 27 ஞாயிறன்று கிளம்பினேன். மனுவில் ஒப்பமிட்டவர்கள் வீட்டுக்கே முதலில் போனேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"மூட்டப்பூச்சியா? எங்க ஊட்ல ஏது அண்ணாத்தே?"

"மனுவுல கையெழுத்துப் போட்டியேப்பா."

"பக்கத்து ஊட்டுக்காரங்க ராவெல்லாம் சொறிஞ்சிகினு கெடக்கறாங்களேன்னு பாவப்பட்டுப் போட்டேன்."

பக்கத்து வீட்டில் கேட்டபோது அவர்கள் எதிர்வீட்டைக் காட்டினார்கள். தெரு முழுக்க இதே கதைதான். மருந்து மோசம் என்று சொல்லப் பூச்சி இருந்தது. டப்பியில் பிடித்துக் கொடுக்கக் கேட்டால் ஒரு வீட்டிலும் இல்லை. கடைசியில் என் வீட்டுக் கயிற்றுக் கட்டிலையே முற்றத்தில் போட்டு உதைத்தேன். உதிர்ந்தவற்றைப் பொறுக்கித் தந்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆபீஸ்ல நம்ம வீட்டுப் பூச்சின்னு எழுதிக் குடுத்துட்டு வரப்போறீங்களா?" எழுதிக் கொடுத்தேன்.

மருந்து படாத பூச்சிக்கு வழி சொன்னவர் மருந்தடிப்பவரே. உள்ளே விட மறுத்த வீடுகளை அவர் ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். பூந்தமல்லியில் எட்டு ஆண்டுகளாக ஒருமுறைகூட விடாத வீடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு அம்மா அப்பளம் போட்டு விற்று வந்தார். மாவில் வெள்ளைத்தூள் விழுந்தால் பிழைப்புப் போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் வாசலிலேயே மறித்து அனுப்பிவிடுவாராம். அன்று பிற்பகலே இருவரும் போனோம்.

"பாரு, மருந்து அடிக்க உடலைன்னதும் இப்ப பூச்சி கேட்டுகினு வந்துட்டான்," என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்து, "நீ யாரு நைனா, இவனுக்குச் சாட்சியா?"

விவரம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பளம் போடும் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்? உருட்டிய மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு உள்ளே போய்ப் பழைய மரப் பெஞ்சு ஒன்றைக் காட்டினார். அதன் இடுக்குகளில் ஈர்க்குச்சியை விட்டு அவரே தட்டித் தந்தார். இருபதுக்குமேல் கிடைத்தன.

"எங்க ஊட்டுதுன்னு மட்டும் எங்கயும் சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா ரெண்டு பேரையும் சும்மா உடமாட்டேன்."

வாக்குக் கொடுத்தோம்.

மார்ச் 28 திங்கள் காலை மேற்பார்வையாளர் முன்னிலையில், முத்திரை உடைக்காத மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். நான்கு ஊறுகாய் பாட்டில்கள். இரண்டில் அடியில் தாள் விரித்து ஒரே கரண்டியால் ஒரே அளவு மருந்து. மற்ற இரண்டில் வெறும் தாள். பூச்சிகள் பட்டினியிலோ வெக்கையிலோ சாகவில்லை என்று பார்ப்பதற்கு. வகைக்கு இரண்டு பாட்டில், பாட்டிலுக்குப் பத்துப் பூச்சி. வாயில் மெல்லிய துணி கட்டி அலமாரியில் பூட்டினோம். சாவி மேற்பார்வையாளரிடம்.

மார்ச் 31 வியாழன். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். வெறும் தாள் இருந்த இரண்டிலும் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. மருந்தில் இருந்த பூந்தமல்லிப் பூச்சிகளில் ஒன்றுகூட அசையவில்லை. என் கட்டில் பூச்சிகள் அதே மருந்தின் மேல் நடந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்தது.

மேற்பார்வையாளர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, "இந்தச் செத்ததெல்லாம் எந்த வீட்டுப் பூச்சி?" என்றார்.

"மருந்தடிக்காத ஒரு வீடு. அதற்குமேல் சொல்ல முடியாது," என்றேன்.

"வீடு தெரியாம நான் எப்படி சார் எழுதறது? அரைச் சாவா இருந்ததை மட்டும் பாத்து மருந்துல போட்டீங்கன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா?"

நியாயமான கேள்வி. இடம், தேதி, பெயர் இல்லாத குறிப்பை நானே மதிக்கமாட்டேன். மருந்தடிப்பவரைப் பார்த்தேன். மறுத்த வீடுகளின் புத்தகம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் நிரந்தர வேலை. பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது சார். அண்ணாத்தேதான் எங்கியோ பிடிச்சிகினு வந்தாரு."

"சரி, போங்க. பார்க்கறேன்," என்றார் மேற்பார்வையாளர்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் நடந்தே வந்தோம். டீக்கடையில் நின்றபோது, "அந்தம்மா சும்மா உடமாட்டேன்னுச்சே, பயம் இல்ல?" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக ஒரு டீயை அந்த ஆண்டில் நான் குடித்ததாக நினைவில்லை.

என் மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை மறுநாளே எழுதியிருக்கலாம். ஏப்ரல் முதல் தேதி என்று போட்டால் விளையாட்டு என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு நாள் தள்ளி ஏப்ரல் 2 சனிக்கிழமை எழுதினேன். விட்டுப்போன பல்லி வரியையும் சேர்த்தேன்.

பிறகு கொஞ்ச நாள் வேறொரு யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. என் கட்டில் பூச்சிக்கும் பூந்தமல்லிப் பெஞ்சுப் பூச்சிக்கும் நடுவே சில மைல்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஒரு கரண்டித் தூள் அவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டது. இவை இன்னும் ஒரே இனம்தான். கல்யாண வீட்டுக்குப் போய்வரும் ஒரு ஜமுக்காளம் போதும், இரண்டையும் கலந்துவிட. கலக்கவே வழியில்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே கிடந்தால்? மனிதனைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியின் முன்னோர் குகையில் வௌவாலைக் கடித்து வாழ்ந்தவையாக இருக்கலாம் என்று பின்னால் படித்தேன். குகைக்கு மனிதன் குடிவந்தபோது சில பூச்சிகள் அவன் பக்கம் வந்திருக்கின்றன. வௌவாலோடு இருந்தவை வௌவாலுக்கு ஏற்றபடியும் மனிதனோடு வந்தவை மனிதனுக்கு ஏற்றபடியும் பிழைத்துப் பெருகி, கடைசியில் ஒன்றோடொன்று சேராத அளவுக்கு விலகிப் போயின என்பது அந்தக் கருத்து. ஒரு புது இனம் பிறக்க இடியும் மின்னலும் வேண்டியதில்லை. பிரிந்திருக்க ஓர் இடம், தாங்காததைக் கழித்துக்கட்ட ஒரு சங்கடம், மிக நீண்ட காலம், இவை போதும். இதை மனைவியிடம் சொல்லி, இரண்டு வகையையும் ஒரே பாட்டிலில் போட்டு வளர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்தப் பாட்டிலும் நீங்களும் வெளியில இருந்துக்கலாம்," என்றாள். அந்த ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

ஏப்ரல் 20 புதன்கிழமை மருந்தடிப்பவர் மீண்டும் வேலையில் சேர்ந்தார். ஜூன் மாதம் நிரந்தர ஆணை வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். "பணி நிரந்தரம் செய்யப்படுகிறது" என்று ஒரே வரி. காரணம் எதுவும் இல்லை. பாட்டில் சோதனையை மேற்பார்வையாளர் கோப்பில் எழுதினாரா, என் ஏப்ரல் 2 கடிதம் போதும் என்று விட்டுவிட்டாரா, அல்லது எட்டு ஆண்டு பழகிய வேறு ஆள் கிடைக்காததுதான் காரணமா என்று அறிய 1971-இல் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். கட்டடம் மாறியபோது பழைய கோப்புகள் வேறெங்கோ போய்விட்டன என்றார்கள். ஆகவே அவருக்கு வேலை எதனால் கிடைத்தது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.