கோயில் பென்டிரைவுக்கு வந்த கண்டம்

தாராவியில் சிறிய தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் என் லாப்டாப் ஆன் ஆகாமல் நின்றுவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி ஏற்ற வேண்டுமாம். அதில் சி.டி. போட இடமே இல்லை. பென்டிரைவ் மூலம் நாமே ஏற்றலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

வீட்டில் கிடந்த பென்டிரைவையும் லாப்டாப்பையும் எடுத்துக்கொண்டு நண்பர் மாரியப்பனின் செல்போன் கடைக்கு ஓடினேன். அவர் கம்ப்யூட்டரில் செருகி, வீடியோவில் சொன்னபடி அழுத்திக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. 'யெஸ்' அழுத்தப் போகும்போது மனைவி போன் செய்தாள்.

"கோயில் பென்டிரைவ எங்க கொண்டு போனிய? மைக்செட்காரரு வாசல்ல நிக்காரு!"

விரலை நிறுத்தினேன். எங்கள் சந்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு நகல் கிடையாது.

"மாரியப்பா, இது என்ன கேக்குது?"

எட்டிப் பார்த்தவர் அலறினார். "அண்ணாச்சி, கைய எடுங்க! உள்ள இருக்கத பூரா அழிச்சிரட்டான்னு கேக்குது. அம்மனயே அழிக்கப் பாத்தியளே!"

முதலில் பாட்டை நகல் எடுத்துவிட்டு, கோயில் பென்டிரைவை மைக்செட்காரருக்குக் கொடுத்தனுப்பினோம். பிறகு காலி பென்டிரைவ் ஒன்று வாங்கி, என் கையாலேயே வேலையை முடித்தேன். லாப்டாப் புதிதுபோல ஒளிர்ந்தபோது கடையிலேயே கைதட்டிவிட்டேன்!

இப்போது புரியாத எதற்கும் 'யெஸ்' அழுத்துவதில்லை. கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன். "அண்ணாச்சி, இது வெறும் விளம்பரம்" என்று நேற்றுகூட மாரியப்பன் சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும்.