பூக்காத மல்லீன்

பணி ஓய்வுக்குப் பிறகு, மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு முன்புறம் மல்லீன் வளர்க்க ஆசைப்பட்டேன். குளிர்நாட்டுச் செடி. முதல் வருடம் தரையோடு அகன்ற, ரோமம் படர்ந்த இலைகள் மட்டும் இருக்கும். ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் ஆளுயரத் தண்டு எழுந்து மஞ்சளாகப் பூக்கும். பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் எடுத்த நான், இணையத்தில் விதை வாங்கினேன். செடி முளைத்ததும் தினமும் காலையில் வேரைச் சுற்றி ஐஸ் கட்டிகள் போட்டேன்.

"செடிக்கு ஐஸ் கச்சாங் ஊட்டுறீங்களா? மேல இனிப்பு சிரப்பு ஊத்தலையா? பூவெல்லாம் வராது லா. இலைய பறிச்சு கூட்டு வெச்சிடவா?" என்று மனைவி சிரிப்பாள்.

எட்டு மாதமாகியும் இலைதான். இரண்டு செடிகளின் இலை மட்டும் கொஞ்சம் கரும்பச்சையாக இருந்தது. கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

காட்டுத்தீப் புகைமூட்டம் ஊரை மூடியபோது அவளுக்கு இருமல் நிற்கவில்லை. மல்லீன் இலை இருமலுக்கு நல்லது என்று படித்திருந்தேன். அந்த இரண்டு செடிகளில் இலை செழிப்பாக இருந்ததால் அவற்றிலிருந்தே பறித்து, கொதிக்க வைத்து, இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை வாந்தி எடுத்தாள். "ஏங்க, எல்லாம் மஞ்சளா தெரியுது" என்றாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நாற்பதுதான்.

மருத்துவமனையில் அவளால் பேச முடியவில்லை. டாக்டர் என் பழைய மாணவி.

"சார், நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"மூலிகை டீ மாதிரி?"

"ஒன்னும் இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினேன். ஃபாக்ஸ்குளோவ் என்றொரு செடி. இதயத்தைத் தாக்கும் விஷம். பூக்கும்வரை மல்லீன் என்றே பலர் ஏமாறுவார்களாம். படத்தில் இருந்தது என் வீட்டுக் கரும்பச்சை இலை. விதையில் கலந்து வந்திருக்க வேண்டும்.

அப்போதே எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். எழவில்லை. திரைக்கு அப்பால் அவளுடைய இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது. என் மாணவியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். இயந்திரம் வேறு மாதிரி கத்தி, தாதிகள் ஓடிய பிறகுதான் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் விஷமுறிவு மருந்துக்குப் போன் செய்தார்.

மனைவி பிழைத்துவிட்டாள். இலை விஷம் என்று டாக்டரிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன்; எப்போது சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. செடிகளைப் பிடுங்கி எறிந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெஷத்த குடுத்ததும் இவருதான், காப்பாத்துனதும் இவருதான். டாக்டர் கேட்ட ஒடனே மறைக்காம சொல்லிட்டாரு. வேற ஆம்பளையா இருந்தா சொல்லியிருப்பானா?"

அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் கார் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

என் வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதினேன். அவள் இப்போது கூடத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்குகிறாள். இந்தத் தாளை முதலில் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.