தெருப்பெயர் கேட்காத விண்ணப்பம்

எழுபதுகளில் நான் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் அச்சடிக்க ஒரு பாயின் அச்சகத்துக்குப் போவேன். பின்னமும் வர்க்கமூலமும் வந்தால் அங்கே எல்லாம் குளறுபடியாகும். பக்கத்தில் உட்கார்ந்து நானே தாளை வடிவமைத்துக் கொடுக்கப் பழகினேன். அப்புறம் ரசீது, கல்யாணப் பத்திரிகை, விண்ணப்பம் என்று சாயங்காலம் முழுக்க அங்கேயே கழிந்தது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கும். அசதி அப்போதே உடம்பில் குடியேறிவிட்டது.

எண்பதுகளில் பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். “கணக்கு படிச்சவங்க நீங்கதான் டீச்சர், இதையும் பாத்துக்கங்க”ன்னுட்டார். கோடை விடுமுறையில் மெட்ராஸ் போய், ரொம்பச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தேன்.

முதல் பெரிய வேலை ஒரு நூல் மில்லிலிருந்து வந்தது. வேலைக்கு மனு போட்டவர்கள் ஏராளம். வயது, படிப்பு பார்த்துக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பத்தாளை நான்தான் வடிவமைத்தேன். மில் முதலாளி புரட்டிப் பார்த்தார்.

“தெருப் பேரு எங்க மேடம்?”

“ஊரும் தபாலாபீசும் போட்டாலே லெட்டர் போயிடும் சார்.”

“லெட்டருக்கு இல்லம்மா. காலனி ஆளுங்களை மொதல்லயே கழிச்சுடணும். நாம கழிச்சாத்தான் பேச்சு வரும். மிஷின் கழிச்சா யாரு கேக்கப் போறாங்க?”

“அந்த மாதிரி எழுத மாட்டேன் சார்.”

அவர் பாய் பக்கம் திரும்பினார். “இன்னா பாய், உங்க டீச்சரு எனக்குப் பாடம் எடுக்கறாங்க?”

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதறவங்க அவங்க. அவங்க முடியாதுன்னா நான் இன்னா பண்றது சார்?”

மில்காரர் வேலூரில் வேறு ஆளைப் பிடித்தார். அங்கே யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மில்லின் மற்ற அச்சு வேலைகளும் எங்களிடம் வருவது நின்றது. பாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், வேலைக்கு நடுவில் கேட்டார்.

“நாம வேணாம்னதால அந்த ஜனங்க யாருக்காவது வேலை கெடைச்சுதா டீச்சர்?”

“இல்ல பாய்.”

அச்சான ரசீது ஒன்றை என் பக்கம் தள்ளினார். “சரி, இந்த ரசீதைப் பாருங்க. கோடு கோணலா நிக்குது.”

நேராக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு மாதிரி கை கனத்தது அதற்கு முன் இல்லை.

எண்பதுகள் முடிகிற சமயம், கம்ப்யூட்டர் படிப்பு ஆரம்பித்த ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். தொழிலில் எது நியாயம், எது அநியாயம் என்று வகுப்பெடுக்க வேண்டுமாம். எனக்குக் கொடுத்த நேரம் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மலையில் பட்ட வெயில் அப்படியே வகுப்புக்குள் இறங்கும். நான் மில் கதையைச் சொன்னேன், என்ன ஆனது என்பதையும் மறைக்காமல். சிலர் எழுதிக்கொண்டார்கள். பின் பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். எழுப்ப எனக்குத் தெம்பில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தேன்.